சைக்கிள் உலகின் இளஞ்சிங்கங்கள்: நம் ஊர்ப் பையன் அந்த வரிசையில் சேருவானா?

காலை எட்டு மணி. அரியாங்குப்பம் பாலத்தின் ஓரம் சற்று நில்லுங்கள்.

கடலூர் சாலையில் பஸ் வரும். லாரி வரும். மோட்டார் சைக்கிள் வரிசை வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். முதுகில் புத்தக மூட்டை. கைப்பிடியில் சாப்பாட்டுப் பை. ஒரு பையன் இன்னொருவனை முந்துகிறான். முந்தப்பட்டவன் விடுவானா? எழுந்து நின்று மிதிக்கிறான்.

அங்கே ஒரு பந்தயம் நடக்கிறது. அதற்குப் பரிசு கிடையாது. பள்ளிக்கூட வாசலோடு அது முடிந்துவிடும்.

இதே வயதுப் பிள்ளைகள் பிரான்சிலும் மிதிக்கிறார்கள். இத்தாலியிலும் மெக்சிகோவிலும் மிதிக்கிறார்கள். அவர்களில் சிலர் பதினெட்டு வயதிலேயே சைக்கிள் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டு சம்பளம் வாங்குகிறார்கள். உலகமே அவர்களைப் பார்க்கிறது.

யார் அந்தப் பிள்ளைகள்? வரும் பந்தயங்களில் யாரைக் கவனிக்க வேண்டும்? நம் பையன் ஏன் அங்கே இல்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பத்திரிகை பெற்ற பிள்ளை

சைக்கிள் பந்தயங்களில் மிகப் பெரியது "தூர் தெ பிரான்ஸ்". பிரான்சைச் சுற்றி வரும் பந்தயம் என்று பொருள். இது தொடங்கியது 1903-ல். அப்போது புதுவையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி.

இதைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. ஒரு பத்திரிகை! பாரிஸில் "லோட்டோ" என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகை இருந்தது. விற்பனையைக் கூட்ட வேண்டும். என்ன செய்யலாம்? தேசத்தைச் சுற்றி ஒரு சைக்கிள் பந்தயம் வைப்போம் என்றார்கள். 60 பேர் புறப்பட்டார்கள். 21 பேர்தான் முடித்தார்கள். பத்திரிகை பிய்த்துக்கொண்டு விற்றது.

அந்தப் பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சாகும். அதனால்தான் 1919 முதல் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை போட்டார்கள். இன்றும் அதே மஞ்சள்தான்.

பிரான்ஸ் பந்தயம் நடப்பது ஜூலையில். இத்தாலிப் பந்தயம் மே மாதம். ஸ்பெயின் பந்தயம் ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடியும். பெரிய பந்தயங்கள் இந்த மூன்றும்தான்.

தினமும் சென்னைக்கு!

2025-ம் ஆண்டு பிரான்ஸ் பந்தயம் 21 கட்டங்கள். மொத்தம் சுமார் 3,300 கிலோமீட்டர். கணக்குப் பாருங்கள். புதுவையில் இருந்து சென்னைக்குத் தினமும் சைக்கிள் ஓட்ட வேண்டும். 21 முறை! நடுவில் இரண்டே நாள் ஓய்வு. வழியில் மலைகள் வேறு. ஊட்டியின் உயரத்துக்கு மிதித்து ஏறி, மறுபக்கம் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும்.

அவர்கள் ஓட்டும் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நம் வீட்டுப் பழைய கறுப்பு சைக்கிள் அதைப்போல மூன்று பங்கு கனம் இருக்கும்.

ஒரு குழுவுக்கு எட்டுப் பேர். ஆனால் ஜெயிப்பது ஒருவர். மற்ற ஏழு பேர் எதற்கு?

எதிர்க்காற்றில் நாம் ஓட்டியிருக்கிறோம் அல்லவா? முன்னால் ஒருவர் ஓட்டினால், பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்றின் தொல்லை குறையும். உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம் ஆகும். அதனால் ஏழு பேரும் மாறி மாறிக் காற்றை வாங்கிக்கொள்வார்கள். தலைவர் அவர்கள் நிழலில் வருவார். கடைசி மலையில் அவர் தனியாகப் பாய்வார்.

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பார்த்திருப்பீர்கள். கவர்னர் வடம் பிடிப்பார். மறுநாள் பத்திரிகையில் அவர் படம் வரும். ஆனால் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஊர் ஜனம். சைக்கிள் பந்தயமும் அப்படித்தான்.

வயது ஏன் குறைந்தது?

முன்பெல்லாம் 27, 28 வயதில்தான் ஒரு சைக்கிள் வீரர் முழுப் பலம் பெறுவார் என்பார்கள். அந்த எண்ணத்தை உடைத்தவர்களில் ஒருவர் ஸ்லோவேனியா நாட்டின் தாதேய் பொகாச்சர். 2020-ல் அவர் பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தபோது வயது 21. மறுநாள்தான் 22 பிறந்தது! பிறகு 2021, 2024, 2025 ஆண்டுகளிலும் அவரே ஜெயித்தார்.

அதன் பிறகு எல்லாக் குழுக்களும் சின்னப் பையன்களைத் தேட ஆரம்பித்தன. தேடுவதும் சுலபம் ஆயிற்று. சைக்கிள் மிதியில் ஒரு சிறு கருவி வைக்கிறார்கள். மிதிக்கும் பலம் எவ்வளவு என்று அது கணக்குக் காட்டும். பதினாறு வயதுப் பையனின் கணக்கைப் பார்த்தே, இவன் மலை ஏறுவான், இவன் ஏறமாட்டான் என்று ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். பெரிய குழுக்கள் சிறுவர்களுக்கு என்று தனிக் குழு வைத்து வளர்க்கின்றன. பிஞ்சிலேயே பழுக்க வைக்கிறார்கள் என்று குறை சொல்பவர்களும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய நால்வர்.

1. பிரான்சின் நாற்பது வருஷ ஏக்கம்

பெயர் போல் செய்க்சாஸ். லியோன் நகரத்துப் பையன். பிறந்தது 2006 செப்டம்பர்.

2024-ல் இளையோர் உலகப் போட்டியில், தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். 2025 ஜனவரியில் தொழில் வீரர் ஆனார். வயது 18. அதே ஆண்டு ஆகஸ்டில் "தூர் தெ லாவெனீர்" பந்தயத்தை ஜெயித்தார். "எதிர்காலத்தின் பந்தயம்" என்று அதற்குப் பொருள். இளைஞர்களுக்கான பல நாள் பந்தயங்களில் பெயர் பெற்றது அது.

அக்டோபரில் ஐரோப்பியப் போட்டி. பெரியவர்களோடு மோதினார். முதலிடம் பொகாச்சர். இரண்டாவது பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபோல். மூன்றாவது யார் தெரியுமா? 19 வயது நிரம்பிச் சில நாளே ஆன செய்க்சாஸ்!

இங்கே ஒரு சங்கதி உண்டு. பிரான்ஸ் பந்தயம் பிரெஞ்சுக்காரர்களின் திருவிழா. ஆனால் ஆண்கள் பந்தயத்தில் கடைசியாக ஒரு பிரெஞ்சுக்காரர் ஜெயித்தது 1985-ல். பெயர் பெர்னார் இனோ. அதன் பிறகு நாற்பது வருஷம் போய்விட்டது. தேசம் முழுவதும் இந்தப் பையன் முகத்தைப் பார்க்கிறது. பாரம் பெரிது. 2025 ஜூலையில் அவர் குழு அவரைப் பிரான்ஸ் பந்தயத்தில் இறக்கவில்லை. அவசரப்படாமல் வளர்த்தது நல்ல காரியம்.

இவரிடம் எதைக் கவனிக்க வேண்டும்? ஒரு நாள் ஜெயிப்பதை அல்ல. மூன்றாவது வாரத்தில் கால் தளராமல் நிற்கிறாரா என்பதை.

2. அப்பத்தை இழந்த வாலிபர்

பெயர் இசாக் தெல் தோரோ. மெக்சிகோவின் என்செனாதா என்ற கடற்கரை ஊரில் 2003-ல் பிறந்தவர்.

2025 மே மாதம் இத்தாலிப் பந்தயம். அங்கே முன்னணி வீரருக்கு ரோஜா நிறச் சட்டை. 21 வயதுத் தெல் தோரோ அந்தச் சட்டையைப் பதினோரு நாள் போட்டிருந்தார். மெக்சிகோவில் இருந்து யாரும் அதற்கு முன் அதைப் போட்டதில்லை.

பாக்கி இரண்டே நாள். "கோலே தெல்லே பினெஸ்த்ரே" என்ற மலை. ஏறக்குறைய ஊட்டியின் உயரம். உச்சிக்கு முன் எட்டு கிலோமீட்டர் தார் இல்லாத மண் சாலை. இரண்டாம் இடத்தில் ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ். வித்தியாசம் 43 விநாடிதான். மூன்றாம் இடத்தில் இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ்.

யேட்ஸ் பாய்ந்தார். துரத்த வேண்டியது யார்? "நீ துரத்து" என்று கரபாசைப் பார்த்தார் தெல் தோரோ. "சட்டை உன்னுடையது, நீ துரத்து" என்று அவரைப் பார்த்தார் கரபாஸ். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யேட்ஸ் போயே போய்விட்டார். மலைக்கு அப்பால் அவருடைய குழுத் தோழர் ஒருவர் முன்னதாகவே போய்க் காத்திருந்தார். காற்றை வாங்கி அவரை இழுத்துச் சென்றார்.

இரண்டு பூனைகள் அப்பத்துக்குச் சண்டை போட்ட கதைதான். அப்பம் மூன்றாமவர் கையில். தெல் தோரோ 3 நிமிஷம் 56 விநாடி பின்தங்கி இரண்டாவது வந்தார்.

யேட்சுக்கும் ஒரு கதை உண்டு. 2018-ல் இதே மலையில்தான் அவர் தம் ரோஜாச் சட்டையைப் பறிகொடுத்தார். ஏழு வருஷம் கழித்து அதே மலையில் மீட்டார். தெல் தோரோவும் அப்படி மீட்பாரா? இவரிடம் கவனிக்க வேண்டியது கால் பலம் அல்ல. அது அவருக்கு நிறைய உண்டு. நெருக்கடியில் முடிவு எடுக்கும் புத்தி. அதைப் பாருங்கள்.

3. படிப்படியாக ஏறுபவர்

லொரென்சோ ஃபின். இத்தாலிய வாலிபர். இவரும் 2006-ல் பிறந்தவர்தான். 2024-ல் சூரிக் நகரில் இளையோர் உலகச் சாம்பியன். 2025-ல் ஆப்பிரிக்காவில் கிகாலி நகரில், 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் உலகச் சாம்பியன். அந்தப் பிரிவில் 22 வயதுக்காரர்களும் ஓட்டுவார்கள். இவருக்கு அப்போது 18 தான்!

இவ்வளவு ஜெயித்தும் 2025-ல் இவர் பெரியவர்கள் குழுவுக்குத் தாவவில்லை. இளைஞர் குழுவிலேயே ஓட்டினார். ஏணியில் ஒரு படியையும் தாண்டிக் குதிக்காதவர். அந்த நிதானம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பாருங்கள்.

4. பெண்களில் ஒரு புலி

கேட் ஃபெர்குசன். இங்கிலாந்துப் பெண். 2006-ல் பிறந்தவர். 2024 சூரிக் உலகப் போட்டியில் இளையோர் பிரிவில் இரண்டு தங்கம். கடிகாரப் பந்தயமும் அவருக்கே. சாலைப் பந்தயமும் அவருக்கே.

பெண்களுக்கான பிரான்ஸ் பந்தயம் 2022 முதல் புதிதாக நடக்கிறது. 2025-ல் அதை ஜெயித்தவர் பிரெஞ்சுப் பெண்மணி போலீன் ஃபெரான்-பிரேவோ. ஆண்கள் நாற்பது வருஷமாகத் தேடுவதைப் பெண்கள் கொண்டுவந்துவிட்டார்கள்!

நம் பெண்களுக்குச் சைக்கிள் புதிது அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படித்த பெண்கள் கையோடு சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் இறங்கினார்கள்.

இன்னொரு பக்கம்

ஒரு துக்கச் செய்தியையும் சொல்லத்தான் வேண்டும். ஃபெர்குசன் தங்கம் வாங்கிய அதே சாலைப் பந்தயத்தில் சுவிட்சர்லாந்தின் மூரியல் ஃபுரர் என்ற 18 வயதுப் பெண்ணும் ஓட்டினார். மழை பெய்த சாலை. காட்டு ஓரத்தில் விழுந்துவிட்டார். விழுந்தது நெடுநேரம் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் இறந்தார்.

அதன் பிறகே கண் திறந்தது. 2025 கிகாலி உலகப் போட்டியில் வீரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் கருவியைப் பொருத்தினார்கள்.

பதினெட்டு வயதில் தொழில் என்றால் புகழ் மட்டும் அல்ல. விழுந்தால் எலும்பு முறியும். எடை கூடக் கூடாது என்று சாப்பாட்டில் கட்டுப்பாடு. வருஷத்தில் பாதி நாள் வீட்டைப் பிரிந்து இருக்க வேண்டும். பிள்ளைகளை இளம் வயதில் ஏற்றிவிடுகிறவர்கள், அவர்கள் விழுந்தால் தாங்கவும் தயாராக இருக்க வேண்டும்.

சின்ன ஊர், பெரிய வீரர்

"அவர்கள் வெள்ளைக்காரர்கள். பால், வெண்ணெய் சாப்பிடுகிறவர்கள். நம்மால் ஆகுமா?" என்று சிலர் சொல்வார்கள். தவறு.

எரித்ரியா என்று ஆப்பிரிக்காவில் ஓர் ஏழை நாடு. அங்கே பிறந்தவர் பினியம் கிர்மாய். 2024 பிரான்ஸ் பந்தயத்தில் மூன்று கட்டங்களை ஜெயித்தார். வேகப் புள்ளிகளுக்கான பச்சைச் சட்டையையும் வாங்கினார். கறுப்பு ஆப்பிரிக்கர் ஒருவர் அங்கே கட்டம் ஜெயித்தது அதுவே முதல் தடவை.

எரித்ரியாவை 1941 வரை ஆண்டது இத்தாலி. இத்தாலியர்கள் போனார்கள். சைக்கிள் பந்தயம் தங்கிவிட்டது. இன்று அங்கே அதுதான் ஜனங்களின் விளையாட்டு.

நம் கதை என்ன? பிரெஞ்சுக்காரர்கள் புதுவையை 1954 நவம்பர் 1-ல் ஒப்படைத்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பெத்தாங்க் என்னும் இரும்புக் குண்டு ஆட்டம் இன்றும் இங்கே உண்டு. அவர்களுடைய ரொட்டியும் இங்கே தங்கிவிட்டது. சைக்கிள் பந்தயம் மட்டும் தங்கவில்லை.

பொகாச்சரின் ஸ்லோவேனியா எவ்வளவு பெரிய நாடு? ஜனத்தொகை சுமார் 21 லட்சம். 2011 கணக்குப்படி நம் புதுச்சேரி மாநிலத்தில் 12 லட்சத்துக்கு மேல். பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே சைக்கிள் சங்கங்கள் உண்டு. சிறுவர்களுக்குப் பந்தயங்கள் உண்டு. அதுதான் வித்தியாசம்.

இந்தியாவில் ஒரு சாட்சி

ஏணி வைத்தால் நம் பிள்ளைகளும் ஏறுவார்கள். இதற்குச் சாட்சி நம் தேசத்திலேயே இருக்கிறது.

2010 காமன்வெல்த் போட்டிக்காக டில்லியில் மரப்பலகை பாவிய சைக்கிள் ஓடுபாதை ஒன்று கட்டினார்கள். கிண்ணம் போலச் சரிந்த பாதை. போட்டி முடிந்ததும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? நிக்கோபார் தீவுப் பையன் எசோ ஆல்பன் 2018-ல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2019-ல் அவரும், மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோரும் சேர்ந்து ஜெர்மனியில் தங்கமே வாங்கிவிட்டார்கள்! 2022-ல் ரொனால்டோ சிங் ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கினார்.

எங்கோ ஒரு தீவுப் பையன்! அவன் காலில் பலம் முன்பே இருந்தது. பாதை கிடைத்ததும் அது வெளியே தெரிந்தது.

ஆனால் இவை எல்லாம் ஓடுபாதைப் பந்தயங்கள். சாலைப் பந்தயத்துக்கு நம் நாட்டில் ஏணி இன்னும் சரியாக அமையவில்லை. 2026 ஜனவரியில் புனே நகரைச் சுற்றி 437 கிலோமீட்டர் சர்வதேசப் பந்தயம் நடந்தது. வெளிநாட்டு வீரர்கள் முன்னால் வந்தார்கள். நம்மவர்கள் அவர்களோடு சக்கரம் உரச ஓட்டிப் பார்த்தார்கள். இது ஒரு படி. கீழே இருக்க வேண்டிய படிகள்தான் இல்லை.

நம் வீட்டில் நடப்பது

இப்போது அரியாங்குப்பம் பாலத்துக்குத் திரும்புவோம்.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுத்திருக்கிறது. பிள்ளைகள் தினமும் மிதிக்கிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் கால் நன்றாக உரம் ஏறுகிறது.

பிறகு? பள்ளிப் படிப்பு முடிகிறது. "இன்னும் சைக்கிளா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அப்பாவும் கடனோ உடனோ வாங்கி மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்கிறார். சைக்கிள் திண்ணை ஓரம் துருப்பிடிக்கிறது.

பதினெட்டு வயதில் செய்க்சாஸ் தொழில் வீரர் ஆனார். அதே பதினெட்டு வயதில் நம் பையன் சைக்கிளைவிட்டு இறங்குகிறான்!

என்ன செய்யலாம்? கோடி கோடியாகப் பணம் வேண்டாம். புதுவைக் கடற்கரைச் சாலையை மாலையில் மூடி, காலையில் திறக்கிறார்கள். ஜனங்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். அதே போல, போக்குவரத்துக் குறைந்த ஒரு சாலையில், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வண்டிகளை நிறுத்தினால் போதும். இரண்டு போலீஸ்காரர், ஒரு முதல் உதவிப் பெட்டி, ஒரு விசில். 12 வயதுக்கு ஒரு பந்தயம். 15 வயதுக்கு ஒன்று. பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. இருக்கிற சைக்கிளிலேயே ஓட்டட்டும். முதலில் வருகிறவர்களின் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த வாரமும் நடத்துங்கள். அதற்கு அடுத்த வாரமும் நடத்துங்கள். ஏணியின் முதல் படி இதுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடலூர் சாலையில் பஸ்ஸோடு போட்டி போடப் பிள்ளைகளை விடாதீர்கள். பந்தயம் என்றால் மூடிய சாலையில்தான். தலைக்கவசம் இல்லாமல் கூடாது.

ஜூலை வந்தால் பிரான்ஸ் பந்தயத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து கவனியுங்கள். அங்கே பகல் ஒரு மணி என்றால் நமக்கு மாலை நாலரை. பாரிஸில் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால், அங்கே நேரில் பார்த்தவர்களிடம் கதை கேளுங்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன நாலு பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் மேலே வருகிறார்கள் என்று பாருங்கள்.

அந்தத் தாளில் கீழே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். ஐந்தாவது பெயர் எழுத வேண்டிவரும். நாளைக் காலை எட்டு மணிக்குப் பாலத்தின் மேல் எழுந்து நின்று மிதிக்கிறானே, அந்தப் பையனுடைய பெயராகவே அது இருக்கலாம்.